பலகையில் ஏறிய பெயர்களும் ஏறாத பெயர்களும்

ஊழியன் ஒருவன் போர்முனைக்குப் போனான் என்றால், அவனை அனுப்பிவைத்த கந்தோர், கம்பனி, தோட்டம் அவனுக்கு என்ன கைம்மாறு செய்தது? யுத்த வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் இக்கேள்வியைக் கேட்பதில்லை. தளபதிகள் எங்கே அணிவகுத்தனர், எந்தக் கோட்டை எந்நாளில் வீழ்ந்தது என்பவற்றையே நாம் படித்தோம். அவற்றையே மாணவர்க்கும் படிப்பித்து வருகிறோம். ஆனால் ஒரு சமுதாயம் உழைப்பவனை எவ்வாறு மதித்தது என்பதை அறியப் போர்க்களத்திலும் நல்ல இடம் தொழிலகத்தின் முன்மண்டபச் சுவரே என்பது நமது எண்ணம். அங்கே மாட்டப்பட்ட பலகையில் எவர் பெயர் ஏறியது, எவர் பெயர் ஏறவில்லை என்று பார்த்தாற் போதும்.

மாதம்பையிலிருந்து சிலாபம், உடப்பு, முந்தல், புத்தளம், கற்பிட்டி என்று நீளும் எமது கரையில், தென்னந்தோப்பும் உப்பளமும் கரைவலை வாடியுமே மக்களின் தொழிலகங்கள். அவற்றிற்கு முன்மண்டபமும் இல்லை. பலகை மாட்டச் சுவரும் இல்லை. ஆகவே, இக்கரையின் பங்கை விளங்கிக்கொள்ளுமுன், பலகை என்னும் வழக்கம் எங்கே தோன்றியது என்று சற்றுத் தூரம் போய்ப் பார்க்கவேண்டியிருக்கிறது.

1914 ஆகஸ்டில் பிரித்தானியா போரில் இறங்கியபோது அங்கே கட்டாய இராணுவ சேவை இருக்கவில்லை. ஆட்கள் தாமாக முன்வரவேண்டும். ஆட்கள் நிறைந்திருந்த இடங்களோ வங்கிகள், ஆலைகள், புகையிரதக் கம்பனிகள். எனவே முதலாளிகளின் ஒத்துழைப்பு அரசுக்குத் தேவைப்பட்டது. படையிற் சேர்ந்தவனுக்குத் திரும்பி வந்ததும் பழைய வேலை கிடைக்கும் என்று பல கம்பனிகள் வாக்களித்தன. சில, அவன் குடும்பத்துக்குச் சம்பளத்தின் ஒரு பகுதியை அனுப்பின. புகையிரத நிலையங்களிலும் கந்தோர்களிலும் கௌரவப் பட்டியல்கள் கண்ணாடிச் சட்டமிட்டுத் தொங்கவிடப்பட்டன. கம்பனிச் சஞ்சிகைகளில் மாதந்தோறும் போர்முனையிலிருந்து வந்த கடிதங்களும், இறந்தோரின் சிறு நிழற்படங்களும் வெளியாயின. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேக் கம்பனியிலிருந்து மட்டும் 25,000க்கும் மேற்பட்டோர் படையிற் சேர்ந்தனர். அவர்களுள் 2,524 பேர் மாண்டனர். அவர்களுக்காக 1922 நவம்பர் 11ஆம் நாள் இலண்டன் பாடிங்டன் நிலையத்தின் முதலாம் மேடையில் ஒரு வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. கனத்த மேலங்கி போர்த்த ஒரு சிப்பாய், வீட்டிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துக்கொண்டு நிற்கிறான். செதுக்கிய சார்ள்ஸ் சார்ஜன்ற் ஜாகர் தாமும் அப்போரிற் காயம்பட்டவர். வாளும் குதிரையும் இல்லாத அச்சிலையில் மனித உண்மை உண்டு; அதை நாம் மறுக்கவில்லை.

ஆயினும் மரியாதைக்கு இன்னொரு முகமும் உண்டு. கிளாஸ்கோ நகரின் டிராம் வண்டிச் சேவையின் தலைமை அதிகாரி ஜேம்ஸ் டால்ரிம்பிள் தம் ஊழியரிடையே அழைப்பு விடுத்தபோது, சில மணி நேரத்துள் ஒரு முழுப் பட்டாளமே திரண்டது. அது பின்னர் ஹைலண்ட் லைட் இன்பன்றியின் 15ஆம் பட்டாளமாயிற்று. சம்பளம் கொடுப்பவரே படைக்கு ஆள் திரட்டுபவராக நிற்கும்போது, முன்வருதல் என்பதன் பொருள் என்ன? சுவரில் அயலானின் பெயர் ஏறி, தன் பெயர் ஏறாதிருக்கும் ஒவ்வொரு நாளும் அப்பட்டியல் ஓர் எழுத்தரின் முதுகிற் குத்தும் விரலாகவே இருந்திருக்கும். அமெரிக்காவில் 1917ஆம் ஆண்டு ஒஹையோவைச் சேர்ந்த ரொபேட் குவீஸர் என்பார் ஒரு கொடியை வகுத்தார்: சிவப்புக் கரையிட்ட வெள்ளைத் துணி, படைக்குச் சென்ற ஒவ்வொருவருக்கும் ஒரு நீல நட்சத்திரம், மாண்டவனுக்குப் பொன் நட்சத்திரம். வீடுகளுக்காக ஏற்பட்ட இக்கொடியை ஆலைகளும் கடைகளும் பற்றிக்கொண்டன. நட்சத்திரங்களை வாசலில் தொங்கவிட்ட முதலாளிக்கு அது தியாகத்தின் சின்னமாகவும் இருந்தது. வியாபார விளம்பரமாகவும் இருந்தது.

1919 நவம்பர் 11 முதல் பிரித்தானிய சாம்ராச்சியம் எங்கணும் இரண்டு நிமிட மௌனம் வழக்கமாயிற்று. வண்டிகள் நின்றன, இயந்திரங்கள் ஓய்ந்தன. அந்த ஒரு நாளில் தொழிலாளி இரண்டு நிமிடம் கையை மடக்கி நின்றால் அது தேசபக்தி. வேறெந்த நாளில் நின்றிருந்தாலும் அதன் பெயர் வேலைநிறுத்தம்!

இனி நம் தீவுக்கு வருவோம். 1914 ஒக்டோபரில் கொழும்பிலிருந்து இலங்கைத் தோட்டத்துரைமார் துவக்குப் படையின் ஒரு பிரிவு எகிப்துக்குக் கப்பலேறிற்று. 8 அதிகாரிகளும் 229 படைவீரரும் அதில் இருந்தனர். இப்படை முற்றிலும் ஐரோப்பியரைக் கொண்டது. தேயிலை, றப்பர்த் தோட்டங்களில் மேற்பார்வை செய்த துரைமாரே அதன் சிப்பாய்கள். கலிப்பொலியில் அவர்கள் அன்சாக் படைத் தளபதியின் தலைமையகக் காவலராகப் பணியாற்றினர். பலர் பின்னர் பிரித்தானியப் படையில் அதிகாரிப் பதவி பெற்றனர். போரில் மாண்ட தம்மவரைத் தோட்டத்துரைமார் சமூகம் மறக்கவில்லை. அவர்களின் தேவாலயங்களிற் பித்தளைத் தகடுகள் பதிக்கப்பட்டன. 1923இல் காலிமுகத் திடலில், எட்வின் லட்யன்ஸ் வகுத்த நினைவுத் தூண் எழுந்தது.

துரை போனபோது தோட்டம் நின்றுவிடவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். கொழுந்து கிள்ளப்பட்டது, பால் வெட்டப்பட்டது, தேங்காய் பறிக்கப்பட்டது. துரை இல்லாமல் தோட்டம் நடந்தது. கூலி இல்லாமல் ஒரு நாளும் நடந்திராது. எனினும் தோட்டத்தின் யுத்த சேவை என்று ஏட்டில் ஏறியது துரையின் சேவையே.

அதே படையைச் சேர்ந்தோர் சிலர் இலங்கையிலேயே வேறொரு சேவையும் செய்தனர். 1915 மே மாத இறுதியில் கண்டியில் தொடங்கிய கலவரத்தில் முஸ்லிம் மக்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அது நடந்திருக்கத் தகாத கொடுமை. அதனை அடக்கவென்று ஆளுநர் சேர் றொபேட் சால்மர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ்செய்தார். எமது வடமேல் மாகாணமும் அச்சட்டத்தின் கீழ் வந்தது. பஞ்சாப் துருப்புகளோடு ஐரோப்பியத் தொண்டர்களும் துவக்குடன் உலாவினர். கலவரம் தணிந்த பின்னும் விசாரணையின்றிச் சுடப்பட்டோர் உண்டு. கொழும்பு நகரக் காவற் படையின் இளம் அதிகாரி ஹென்றி பேதிரிஸ் 1915 யூலை 7ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். முடியின் சீருடை அணிந்தவரே முடியின் துவக்குக்கு இரையானார். அவருடைய பெயரை அக்காலத்தின் எந்தக் கௌரவப் பட்டியல் ஏற்றிருக்கும்?

எமது கரை அந்த யுத்தத்துக்குக் கொடுத்தது என்ன? துவக்குத் தூக்கியோரை எண்ணினால் விடை சிறிது. உழைப்பை எண்ணினால் விடை பெரிது. 1915 ஏப்ரலில் ஈப்ர் களத்தில் ஜெர்மன் படை குளோரின் வாயுவை ஏவியபின், நச்சுவாயு முகமூடி ஒவ்வொரு சிப்பாய்க்கும் உயிர்க் கவசமாயிற்று. அதனுள் வாயுவை உறிஞ்சுவதற்கு வைக்கப்படும் கரிகளில் மிகச் சிறந்தது தேங்காய்ச் சிரட்டைக் கரி. மரக்கரியிலும் இது கடினமானது, நுண்துளைகள் மிகுந்தது. அமெரிக்க மக்கள் 1918இல் பீச் பழக் கொட்டைகளைக் கூடைகூடையாகச் சேர்த்துக் கொடுத்ததும் இதே தேவைக்காகத்தான். தேங்காய் விளையாத நாட்டார் வேறென் செய்வர்!

தேங்காய் விளையும் நாட்டில் சிரட்டைக்கு விலை வந்தது. சிரட்டை சுடுவதைக் கண்டவர்க்கு அதன் வருத்தம் தெரியும். குழி வெட்டி, அடியில் தீயிட்டு, சிரட்டையைச் சிறிது சிறிதாகப் போட்டு, எரிந்து சாம்பலாகாதபடி காற்றை அடைத்து, மண்ணால் மூடி, ஆறும்வரை காவல் இருக்கவேண்டும். அந்தப் புகையில் நிற்பவன் முகத்துக்கு முகமூடி இல்லை. பிளாண்டர்ஸ் களத்தில் ஒரு சிப்பாயின் நெஞ்சைக் காத்த கரிக்காகத் தென்னை நாட்டில் ஒரு கூலியின் நெஞ்சு இருமிற்று என்று சொன்னால், அதை மிகைப்படுத்தல் என்று எவரும் தள்ளிவிட முடியாது.

கூலி போகட்டும், சீருடை அணிந்து மாண்ட ஆசியனுக்காவது பெயர் கிடைத்ததா? ஈராக்கிலுள்ள பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் 40,000க்கும் மேற்பட்டோர் நினைவுகூரப்படுகின்றனர். பிரித்தானியச் சிப்பாய் ஒவ்வொருவனுக்கும் அங்கே பெயர் உண்டு. இந்தியரில் அதிகாரிகளுக்கு மட்டுமே பெயர் பொறித்தனர். சாதாரணச் சிப்பாய்கள் படைப்பிரிவுதோறும் இத்தனை பேர் என்ற தொகையாகவே கல்லில் நிற்கின்றனர். பாக்கு நீரிணைக்கு அப்பால், சென்னை மாகாணத்திலும் இதே கணக்கைக் காணலாம். திருச்சிராப்பள்ளி காந்தி சந்தையருகே உள்ள நினைவுக் கோபுரம் அந்நகரிலிருந்து 302 பேர் போருக்குச் சென்றனர் என்றும், அவர்களுள் 41 பேர் உயிர் கொடுத்தனர் என்றும் கூறும். ஊர்தோறும் வைக்கப்பட்ட கற்பலகைகளும் அவ்வாறே இத்தனை பேர் போயினர், இத்தனை பேர் மாண்டனர் என்பதோடு நிறுத்திக்கொள்ளும். எண் உண்டு, ஆள் இல்லை. நடுகல்லில் வீரன் பெயரும் பீடும் எழுதிய தமிழ் நிலத்தில், இருபதாம் நூற்றாண்டின் சாம்ராச்சியம் நட்ட கல்லுக்கு எண்ணே போதுமாயிருந்தது.

இவ்வாறிருக்க, போர் முடிந்தபின் மரியாதை என்பது சந்தாப் பணமாகவும் மாறிற்று. 1921 முதல் நவம்பர் 11ஆம் நாளில் பொப்பி மலர் விற்பனை தொடங்கியது. பிரித்தானியப் படைத்தளபதி ஹெயிக்கின் பெயரால் அமைந்த நிதிக்கு அப்பணம் சென்றது. இவர்தான், 1916 யூலை முதல் நாள் சோம் நதிக்கரையில் ஒரே பகலில் 19,000க்கும் மேற்பட்ட தம் வீரரைப் பலிகொண்ட தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவர். இலங்கையிலும் கந்தோர்களிலும் பாடசாலைகளிலும் பொப்பி விற்கப்பட்டது. மேலதிகாரி சட்டையிற் குத்தியிருக்கும் பூவை எழுதுவினைஞர் வாங்காமல் இருக்க முடியுமா? சேர்ந்த பணத்தின் பெரும்பகுதி பிரித்தானிய முன்னாட் போர்வீரருக்கே போயிற்று. அதே போரிற் பணியாற்றித் திரும்பிய இலங்கையர் பலர் வேலையின்றி அலைந்தனர்.

இதற்கு முதற்குரல் எழுப்பியவர்கள் புரட்சிக்காரர் அல்லர், அந்த முன்னாட் படைவீரரே என்பது கருதத்தக்கது. 1931ஆம் ஆண்டு ஏலியன் பெரேரா அவர்களின் முயற்சியால், பொப்பிக்கு எதிராக அதே நாளில் சூரிய மலர் விற்கும் இயக்கம் தொடங்கிற்று. சிங்களத்தில் சூரிய என்று வழங்கும் அம்மரம் வேறொன்றுமன்று, நமது பூவரசுதான். புத்தளம் கடலேரியின் ஓரங்களிலும் சிலாபத்து வேலிகளிலும் எவரும் நட்டு நீர் வாராமலே நிற்கும் மரம். மஞ்சளாகப் பூத்து, மாலையிற் சிவந்து வாடும் அதன் பூவுக்கு அதற்குமுன் சந்தையில் ஒரு சதமும் விலை கிடையாது. பிரான்சின் போர்க்களத்துப் பூவுக்கு மாற்றாக வேலிப் பூவை எடுத்த அந்த உள்ளத்தில் ஆழ்ந்த அரசியல் இருந்தது.

1933இல் இங்கிலாந்திற் பிறந்து இலங்கையில் ஆசிரியப்பணி புரிந்த டொரீன் யங் அம்மையார், பின்னாளில் டொரீன் விக்கிரமசிங்க என்று அறியப்பட்டவர், 'பூக்களின் போர்' என்ற கருத்தமைந்த தலைப்பில் டெயிலி நியூஸ் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். இலங்கைப் பிள்ளைகளைப் பொப்பி வாங்கச் செய்து பிரித்தானிய வீரருக்கு உதவுவது என்ன நியாயம் என்பது அவர் கேள்வி. ஆசிரியர்களாகிய நமக்கு இதில் ஒரு தனிப் பெருமை உண்டு. தென் கொழும்பு வாலிபர் கழகத்து இளைஞர்கள் அவ்வியக்கத்தைக் கையேற்றனர்; அம்மையாரே தலைவரானார். முன்னாள் வீரர் நலன் என்ற எல்லையைத் தாண்டி, ஏகாதிபத்தியத்துக்கும் யுத்தத்துக்கும் எதிரான இயக்கமாகப் பூவரசம்பூ மலர்ந்தது. திரட்டிய பணம் ஒடுக்கப்பட்ட சாதியிற் பிறந்த ஒரு பெண்ணின் கல்விக்கும் செலவிடப்பட்டது. செத்தவன் பெயரைச் சுவரில் எழுதுவதைவிட வாழ்பவளுக்கு எழுத்தறிவிப்பது சிறந்த நினைவு என்று அவர்கள் கருதினர் போலும்.

அவர்களின் கொள்கைக்கு விரைவிலேயே சோதனை வந்தது. வந்ததும் எமது கரையை ஒட்டியே. 1934இல் பருவமழை பொய்த்தது. தெதுறு ஓயாவும் மகா ஓயாவும் ஓட்டம் குன்றிக் குட்டைகளாகத் தேங்கின. ஒக்டோபரில் மலேரியாக் காய்ச்சல் மூண்டது. கேகாலையும் குருநாகலும் பேரழிவைக் கண்டன. சிலாபம், புத்தளம் பகுதிகளின் உட்கிராமங்களிலும் பரவியது. 1935 முடிவதற்குள் தீவில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். ஒரு பெரும்போரின் இழப்பு இது. ஆனால் எந்தக் கந்தோரும் கொடி தொங்கவிடவில்லை. பூ விற்ற இளைஞர்களே மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களுக்குப் போயினர். என். எம். பெரேரா பருப்பு வழங்கியதால் மக்கள் அவரைப் 'பருப்பு மாத்தையா' என்றே அழைத்தனர். வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க நோயாளரிடையே உழைத்தார். அந்த அனுபவத்திலிருந்தே 1935 டிசம்பரில் லங்கா சமசமாசக் கட்சி பிறந்தது. தெதுறு ஓயாவின் வறண்ட மணலை அறியாமல் இந்நாட்டு இடதுசாரி வரலாற்றைப் படிப்பிக்கலாகாது என்போம்.

இரண்டாம் யுத்தத்தில் தொழிலகமே படையணியாயிற்று. இலங்கைப் புகையிரத ஊழியரைக் கொண்ட புகையிரதப் பொறியியற் படை 1928இலேயே அமைக்கப்பட்டிருந்தது; தபால் தந்தி ஊழியரைக் கொண்ட சமிக்ஞைப் படை 1939இல் அமைந்தது. சீருடைக்கு மரியாதை உண்டுதான். ஆனால் ஊழியன் சிப்பாயானால் மேலதிகாரியின் சொல் இராணுவக் கட்டளையாகிவிடும். வேலைநிறுத்தத்தை முறிக்க இவ்வணிகள் பயன்படும் என்று தொழிற்சங்கத்தார் அஞ்சியது வீண் அச்சமன்று. 1956இன் ஆட்சிமாற்றத்தின் பின் இவை கலைக்கப்பட்டன.

1942 ஏப்ரல் 5ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் நாள் திருகோணமலையைத் தாக்கின. காலிமுகத்து நினைவுத் தூண் எதிரிக்குக் குறியாகிவிடும் என்று அதனைக் கழற்றி விக்டோரியாப் பூங்காவில் நிறுத்தினர். ஒரு யுத்தத்தில் மாண்டோரின் நினைவு அடுத்த யுத்தத்துக்கு அஞ்சி இடம்பெயர்ந்தது! அதே ஆண்டு மே மாதத்தில் கொக்கோஸ் தீவில் இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் அதிகாரிகளுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். கிரேஷன் பெர்னாண்டோ உள்ளிட்ட மூவர் ஆகஸ்டில் வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டனர். அப்போரில் இராணுவக் கலகத்துக்காகக் கொல்லப்பட்ட பொதுநலவாயச் சிப்பாய்கள் இவர்கள் மட்டுமே.

எமது கரையில் போர் ஒரு விமானத்தளமாக வந்திறங்கியது. புத்தளத்தில், பாலாவிப் பக்கத்தில், காட்டை வெட்டி ஓடுபாதை அமைக்கப்பட்டது. 1943இன் தொடக்கத்தில் அது பிரித்தானியக் கடற்படையின் விமானத்தளமாயிற்று, பெயர் 'ராஜாலிய'. நமது இராசாளியின் சிங்கள உருவமே அது. இப்பகுதியிலிருந்த தளங்களுக்குப் பறவைப் பெயர் இடுவது அக்கடற்படையின் வழக்கமாயிருந்தது. கட்டுகுருந்தையில் 'உகுஸ்ஸா', கோயம்புத்தூரில் 'கருடா', தாம்பரத்தில் 'வல்லூறு'. நம் பறவைகளின் பெயர்கள் பிரித்தானியக் கடற்படையின் பட்டியலில் ஏறின. மண் சுமந்தோர், காடு வெட்டியோர் பெயர்கள் ஏறவில்லை. சேற்றிற் புதைந்த கோர்செயர் விமானங்களை யானைகள் இழுத்தன. அந்த நிழற்படங்களே இன்றுவரை அத்தளத்தின் நினைவாக உலவுகின்றன.

மலாயாவும் பிலிப்பைன்சும் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பான் வசமானதால், நேச நாடுகளின் கொப்பறாத் தேவைக்கு இலங்கை இன்றியமையாததாயிற்று. உழைப்பு இன்றியமையாதது என்று அரசு அறிவித்தது. அதன் விளைவாக உழைப்பவனுக்குக் கிடைத்தது பதக்கமன்று, வேலைநிறுத்தத் தடை.

பொதுநலவாய யுத்தக் கல்லறைகள் ஆணைக்குழு 2021ஆம் ஆண்டு தன் விசாரணை அறிக்கையை வெளியிட்டது. முதலாம் யுத்தத்தில் மாண்டோருள் குறைந்தது 116,000 பேர், ஒருவேளை 350,000 பேர்வரை, பெயரால் நினைவுகூரப்படாமலோ முற்றிலும் நினைவுகூரப்படாமலோ விடப்பட்டனர் என்று அது ஒப்புக்கொண்டது. அவர்களுட் பெரும்பாலோர் ஆபிரிக்கரும் மத்திய கிழக்கினரும். ஆணைக்குழு மன்னிப்புக் கேட்டது. நூறாண்டு கழித்து வந்த அம்மன்னிப்பும் சீருடையோடு தொடர்புடையவர்க்கே. சிரட்டை சுட்டவனுக்கும் கொப்பறா உலர்த்தியவளுக்கும் விண்ணப்பிக்க ஓர் ஆணைக்குழுவே இல்லை.

ஆயினும் அவர்களின் பெயர்கள் எங்குமே எழுதப்படவில்லை என்று கூறுவதும் சரியன்று. எழுதிய ஏடு ஒன்று உண்டு. அது தோட்டத்துச் செக்றோல். விடியற்காலையிற் பிரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடுவார். வந்தவனுக்கு ஒரு கோடு. நாள் முழுதும் வேலை செய்தால் முழுப்பேர். மழையால் வேலை நின்றாலும், கொழுந்து நிறை குறைந்தாலும், கங்காணிக்கு மனம் கோணினாலும் அரைப்பேர். ஒருநாட் கூலிக்குத் தோட்டத் தமிழில் வழங்கிய சொல்லே 'பேர்' என்பதுதான்.